சர்வர் நிர்வாகப் பக்கத்தை ஐஃப்ரேமுக்குள் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களில் பலருக்கு அது மட்டுமே வேலை அல்ல. மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுபவரே பேக்கப்பையும் கவனிக்கிறார். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலைகளில் சிசிடிவி பார்ப்பவரிடமே லினக்ஸ் சர்வரும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தனியார் பள்ளிகளில் அந்தப் பொறுப்பு கணினி ஆசிரியருடையது. அலுவலகத்துக்கென ஒரு முகப்புப் பக்கம் செய்து, வெப்மின், காக்பிட், பிஎச்பிமைஅட்மின், கிராஃபானா போன்ற, சர்வரைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கவும் கண்காணிக்கவும் உதவும் பேனல்களை அதற்குள்ளேயே திறந்துகொள்ள முடியுமா என்று இவர்கள் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கொடுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஐஃப்ரேம்னா என்ன சார்? பேனலை அதுக்குள்ள வைக்கிறதால என்ன லாபம்?

ஒரு வலைப்பக்கத்தில் குறிப்பிட்ட அகல உயரத்துக்கு இடம் ஒதுக்கி, அந்த இடத்தில் வேறொரு முகவரியின் பக்கத்தைத் திறந்து காட்டும் எச்டிஎம்எல் குறியே ஐஃப்ரேம். உள்ளே தெரிவது படமோ நகலோ அல்ல. அது தனக்கென்று முகவரி, குக்கி, ஸ்கிரிப்ட் எல்லாம் கொண்ட முழுப் பக்கம். அதில் பட்டனை அழுத்தினால் சர்வரில் உண்மையாகவே வேலை நடக்கும். பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு இதை மறந்துவிடுவதே காரணமாக இருக்கிறது.

லாபம் வசதி மட்டும்தான். கிருஷ்ணகிரியில் தலைமை அலுவலகமும் போச்சம்பள்ளியில் ஆலையும் ஊத்தங்கரையில் கிடங்கும் உள்ள நிறுவனத்தில், மூன்று இடத்து சர்வர்களின் பக்கங்களையும் ஒரே திரையில் தாவித் தாவிப் பார்க்கலாம். முகவரியின் இறுதியில் வரும் போர்ட் எண்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேகமோ பாதுகாப்போ இதனால் கூடுவதில்லை.

ஐஃப்ரேம் போட்டா 'ரெஃப்யூஸ்டு டு கனெக்ட்'னு சாம்பல் கலர்ல வருது. சர்வர் படுத்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. குரோம் பிரவுசர் இந்த இடத்தில் காட்டும் வாசகம் ஆளைத் திசைதிருப்பக்கூடியது. இணைப்பை சர்வர் மறுத்துவிட்டது என்று அதைப் படித்துவிட்டு, ஃபயர்வாலைத் திறந்து போர்ட் எண்ணைத் தேடுவதில் அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. உண்மையில் சர்வர் பதில் அனுப்பியிருக்கும். அந்தப் பதிலோடு வந்த ஒரு ஹெடர், அதாவது பிரவுசருக்கான குறிப்பு வரி, 'என்னை வேறு பக்கத்துக்குள் காட்டாதே' என்று சொல்லியிருக்கும். பிரவுசர் அதற்குக் கீழ்ப்படிந்து பக்கத்தை மறைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இதே நிலையில், உங்கள் பாதுகாப்புக்காகவே காட்டவில்லை என்று சற்று நேர்மையாகச் சொல்கிறது.

உறுதிசெய்வது எளிது. அதே முகவரியைத் தனி டேபில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் சர்வர் நலமாக இருக்கிறது. பிறகு ஐஃப்ரேம் உள்ள பக்கத்தில் எஃப்12 அழுத்தி கன்சோல் பகுதியைப் பார்த்தால், எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் அல்லது ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் என்ற பெயர் சிவப்பு வரியில் இருக்கும். தனி டேபிலும் திறக்கவில்லை என்றால்தான் ஃபயர்வால், போர்ட், மின்சாரம் என்று தேட வேண்டும்.

சர்வரும் நம்மளுது, பக்கமும் நம்மளுது. அப்புறம் எதுக்கு இந்தத் தடை?

பக்கம் உங்களுடையது என்பது பேனலுக்குத் தெரியாது. அதைத் தன் பக்கத்துக்குள் வைக்க நினைக்கும் எல்லோரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். 2008-இல் ராபர்ட் ஹான்சனும் ஜெரமையா கிராஸ்மேனும் கிளிக்ஜாக்கிங் என்று பெயரிட்ட தாக்குதலைத் தடுக்கவே இந்த ஹெடர் வந்தது. தாக்குபவர் ஒரு பரிசுப் போட்டிப் பக்கத்தைத் தயாரித்து, அதன்மேல் உங்கள் பேனலை முற்றிலும் கண்ணுக்குத் தெரியாதபடி ஐஃப்ரேமில் படர விடுகிறார். 'பரிசைப் பெறுக' என்ற பட்டனை நீங்கள் அழுத்தும்போது, அதே இடத்தில் மறைந்திருக்கும் 'பயனரை நீக்கு' என்ற பட்டன்தான் அழுத்தப்படுகிறது. ரசீதுக்கு அடியில் கார்பன் தாளையும் பத்திரத்தையும் ஒளித்து வைத்துக் கையெழுத்து வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதால் சர்வரும் அந்த அழுத்தத்தை உங்களுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது.

எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் முதலில் வந்தது. 2013-இல் ஆர்எஃப்சி 7034 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எழுதப்பட்டது. இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். காக்பிட்டில் இந்தக் காப்பு இல்லாதிருந்தது 2021-இல்தான் குறைபாடாகப் பதிவாகித் திருத்தப்பட்டது. பழைய பதிப்பில் ஐஃப்ரேமில் தெரிந்துகொண்டிருந்த காக்பிட், அப்டேட் செய்தபின் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருடைய சர்வர் கெட்டுவிடவில்லை, திருத்தம் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ரெண்டும் ஒரே மெஷின்லதான் ஓடுது, போர்ட் மட்டும்தான் வேற. 'சேம்ஆரிஜின்'னுதானே போட்டிருக்கு, ஏன் விடமாட்டேங்குது?

பிரவுசரின் கணக்கில் ஆரிஜின் என்பது மூன்றின் சேர்க்கை: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண். இவற்றில் ஒன்று மாறினாலும் அது வேறு ஆரிஜின். முகப்புப் பக்கம் வழக்கமான 443-இலும், வெப்மின் 10000-இலும், காக்பிட் 9090-இலும் இருந்தால், மெஷின் ஒன்றாக இருந்தும் பிரவுசருக்கு அவை மூன்று வெவ்வேறு இடங்கள். ஒரு பக்கத்தை 192.168.1.10 என்ற எண்ணாலும் மற்றொன்றைப் பெயராலும் திறந்தாலும் இதே கதிதான்.

முகப்புப் பக்கத்தையே இன்னொரு பக்கம் தன் ஐஃப்ரேமில் வைத்திருந்தால் கூடுதல் சிக்கல் வரும். இன்றைய பிரவுசர்கள் நேரடிப் பெற்றோர் பக்கத்தை மட்டுமன்றி, மேலே உள்ள எல்லா அடுக்குகளையும் சரிபார்க்கின்றன. அவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பேனல் திறக்காது.

சரி, தடையை எந்த ஃபைல்ல போய் எடுக்கணும்?

எடுப்பதற்கு முன், எடுக்கத்தான் வேண்டுமா, யாருக்கு அனுமதி என்று மாற்றி எழுதினால் போதுமா என்று யோசியுங்கள். ஹெடரை அடியோடு நீக்கினால், மேலே சொன்ன பரிசுப் போட்டிக்காரருக்கும் சேர்த்தே கதவைத் திறக்கிறீர்கள். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடரில் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் என்ற விதியை எழுதி, அதில் உங்கள் முகப்புப் பக்கத்தின் முகவரியை மட்டும் குறிப்பிட்டால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். இரண்டு ஹெடர்களும் சேர்ந்து வந்தால் இன்றைய பிரவுசர்கள் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் சொல்வதையே எடுத்துக்கொள்கின்றன. முகவரியில் போர்ட் எண்ணை விட்டுவிட்டால் வழக்கமான போர்ட் என்றே பொருள் கொள்ளப்படும். உங்கள் முகப்பு 8443-இல் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மென்பொருள்வாரியாகச் சொன்னால், பிஎச்பிமைஅட்மின் அமைப்புக் கோப்பில் 'அலோ தேர்ட் பார்ட்டி ஃப்ரேமிங்' என்ற வரி உள்ளது. அதில் 'சேம்ஆரிஜின்' என்று போட்டால் ஒரே ஆரிஜினுக்கு மட்டும் திறக்கும், 'ட்ரூ' என்று போட்டால் ஊருக்கே திறக்கும். கிராஃபானாவில் 'அலோ எம்பெட்டிங்' என்ற அமைப்பு வழக்கமாக மூடியே இருக்கும். வெப்மினிலும் இந்த ஹெடரை அனுப்பாமல் நிறுத்தும் வரி ஒன்றை அதன் முதன்மை அமைப்புக் கோப்பில் சேர்க்கலாம். எங்கும் பொருந்தும் முறை, பேனலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளை இடைத்தரகராக வைத்து, அங்கே ஹெடரை மாற்றி எழுதுவது.

'அலோ-ஃப்ரம்'னு போட்டு நம்ம முகவரியைக் கொடுத்தேன். மெட்டா டேக்லயும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலை.

அலோ-ஃப்ரம் என்பது எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸின் பழைய மதிப்பு. குரோமும் சஃபாரியும் அதை எப்போதுமே ஏற்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸும் 2019-இல் கைவிட்டது. பழைய குறிப்புகளில் இன்னும் அது உலவிக்கொண்டிருக்கிறது. மெட்டா டேகைப் பொறுத்தவரை, எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ், ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் இரண்டுமே சர்வர் அனுப்பும் ஹெடராக இருந்தால்தான் செல்லும். அவை பேனலின் சர்வரிலிருந்து வர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். முகப்புப் பக்கத்தின் சர்வரில் எவ்வளவு எழுதினாலும் பயன் இல்லை.

நம்ம பக்கம் எச்டிடிபிஎஸ். உள்ள இருக்கிற பேனல் வெறும் எச்டிடிபி. வெள்ளையா வருது.

பூட்டுள்ள பக்கத்துக்குள் பூட்டில்லாத பக்கத்தை வைக்க பிரவுசர் அனுமதிக்காது. பேனலுக்கும் எச்டிடிபிஎஸ் போடுவதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். முகப்புப் பக்கத்தை எச்டிடிபிக்கு இறக்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கட்டடத்தின் வைஃபையில் இருக்கும் எவரும் முகப்புப் பக்கத்தை வழியிலேயே மாற்றி எழுதி, ஐஃப்ரேமின் முகவரியைத் தன் போலி லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். உள்ளே இருக்கும் பேனலின் பூட்டு அப்போது எதையும் காப்பாற்றாது.

பேனல்ல எச்டிடிபிஎஸ் இருக்கு. ஆனா தனி டேப்ல திறந்தா 'நாட் செக்யூர்'னு சொல்லி, அட்வான்ஸ்டு அழுத்தினா உள்ள விடும். ஐஃப்ரேம்ல அந்த அட்வான்ஸ்டே வரமாட்டேங்குது.

வெப்மின், காக்பிட், பிராக்ஸ்மாக்ஸ் போன்றவை நிறுவும்போது தாங்களே கையெழுத்திட்ட சான்றிதழோடு வருகின்றன. அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பை பிரவுசர்கள் ஐஃப்ரேமுக்குள் தருவதில்லை. தனி டேபில் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டுத் திரும்பினால் சில காலம் வேலை செய்யும். பிறகு மறுபடியும் மறைந்துவிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இதைச் செய்ய வேண்டும் என்பதோடு, எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டும் பழக்கத்தை ஊழியர்களுக்கு நாமே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம்.

நிலையான தீர்வு, சொந்த டொமைனில் ஒரு துணைப் பெயர் வைத்து, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்குவது. சர்வர் வெளியுலகத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துத் தயங்குகிறார்கள். டிஎன்எஸ் பதிவு வழியாக உரிமையை நிரூபிக்கும் முறையில் அதற்குத் தேவை இல்லை. அந்தப் பெயரை 192.168 என்று தொடங்கும் உள் ஐபிக்கே திருப்பிவிடலாம். சில ரவுட்டர்கள் அப்படிப்பட்ட பதிலைச் சந்தேகித்துத் தடுக்கும். அப்போது ரவுட்டரில் அந்தப் பெயருக்கு விலக்கு கொடுங்கள். 192.168 என்ற எண்ணுக்கே நேரடியாகச் சான்றிதழ் எந்தப் பொதுச் சான்றளிப்பு நிறுவனமும் தராது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் குறுகிய ஆயுள் கொண்டது என்பதால், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்துவிடுங்கள்.

ஓசூர் ஆபீஸ்ல நல்லா தெரியுது. தருமபுரி பிராஞ்சுல அதே பக்கத்தைத் திறந்தா பேனல் இடம் மட்டும் காலியா சுத்திக்கிட்டே இருக்கு.

ஐஃப்ரேமின் உள்ளடக்கத்தை முகப்புப் பக்கத்தின் சர்வர் எடுத்து வந்து தருவதில்லை. பார்ப்பவரின் பிரவுசரே நேராகப் போய் எடுக்கிறது. ஐஃப்ரேமில் 192.168.1.10 என்று எழுதியிருந்தால், தருமபுரியில் உள்ள பிரவுசர் அந்த எண்ணைத் தருமபுரி அலுவலகத்தின் நெட்வொர்க்கில்தான் தேடும். அங்கே அந்த எண் ஒரு பிரிண்டருக்கு இருந்தால் பிரிண்டரின் பக்கம் தெரிந்தாலும் வியப்பதற்கில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியவர்களின் நிலை இன்னும் மோசம். அது பார்ப்பவரின் கம்ப்யூட்டரையே குறிக்கும்.

இதற்கு வழிகள் இரண்டு. கிளைகளை வயர்கார்டு போன்ற விபிஎன்னால் இணைப்பது ஒன்று; அப்போது உள் ஐபி எல்லாக் கிளைகளிலிருந்தும் எட்டும், பேனல் வெளியே தெரியாது. இரு அலுவலகங்களும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால் மோதும். எனவே ஒன்றை முதலில் மாற்றிவிட வேண்டும். மற்றொன்று ரிவர்ஸ் பிராக்ஸி. அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து 10000-ஐ இணையத்துக்கே திறந்துவிடுவதை மூன்றாவது வழியாக எண்ண வேண்டாம். சர்வரின் முழு உரிமையான ரூட் அதிகாரம் உள்ள லாகின் பக்கத்தைத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்புவது அது.

லாகின் பக்கம் வந்துடுச்சு. பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். திரும்பத் திரும்ப லாகினுக்கே வருது.

லாகின் ஆனதும் சர்வர் ஒரு குக்கி தருகிறது. அடுத்த கோரிக்கையில் பிரவுசர் அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். முகப்புப் பக்கமும் பேனலும் வெவ்வேறு 'சைட்' ஆக இருந்தால் அந்தக் குக்கி போகாது. 2020-இல் குரோம் 80 வந்ததிலிருந்து, வேறு குறிப்பு இல்லாத குக்கிகள் சேம்சைட்=லேக்ஸ் என்றே நடத்தப்படுகின்றன; அவை அயல் சைட்டின் ஐஃப்ரேமுக்குள் செல்லா. குக்கியைச் சேம்சைட்=நன் என்று மாற்றி, செக்யூர் குறியும் சேர்த்து குரோமில் ஒப்பேற்றினாலும், சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஆலை முதலாளி ஐபோனில் திறக்கும் நாளில் அது மறுபடியும் கெடும்.

இங்கே ஒரு நுட்பம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. முன்னே சொன்ன ஆரிஜின் வேறு, சைட் வேறு. சைட் என்பதற்குப் பதிவு செய்த டொமைனும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாடும் மட்டுமே கணக்கு. போர்ட்டும் துணைப் பெயரும் கணக்கில் இல்லை. ஆகவே முகப்பு.நிறுவனம்.இன், பேனல்.நிறுவனம்.இன் என்று இரண்டையும் ஒரே டொமைனின் கீழ் எச்டிடிபிஎஸ்ஸில் வைத்தால் குக்கி தடையின்றிச் செல்லும். குக்கி அமைப்பில் கைவைக்கவே வேண்டாம். முகப்பைப் பெயராலும் பேனலை ஐபி எண்ணாலும் திறப்பவர்கள்தான் இந்தச் சுழலில் அதிகம் சிக்குகிறார்கள்.

வெப்மின் மட்டும் உள்ள போனதும் பெருசா ஒரு செக்யூரிட்டி வார்னிங் காட்டுது. ஹேக் பண்ணிட்டாங்களா?

இல்லை. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று சொல்லும் ரெஃபரர் விவரத்தை வெப்மின் சரிபார்க்கிறது. தனக்கு வெளியே உள்ள பக்கத்திலிருந்து உள் மாட்யூல் ஒன்றுக்கு நேராக இணைப்பு வந்தால் நிறுத்தி எச்சரிக்கிறது. வெப்மின் கான்ஃபிகரேஷனில் நம்பகமான ரெஃபரர்கள் என்ற பகுதியில் முகப்புப் பக்கத்தின் ஹோஸ்ட் பெயரைச் சேர்த்தால் போதும். அந்தச் சோதனையையே அணைத்துவிடும் வாய்ப்பும் அங்கே உண்டு, அதைத் தொடாதீர்கள்.

எல்லாரும் ரிவர்ஸ் பிராக்ஸி போடுங்கறாங்க. அதை எப்படி போடறது, எங்க மாட்டிக்கும்?

முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி, வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே 10000-க்கோ 9090-க்கோ கொடுத்து, பதிலை வாங்கித் தன் பெயரில் திருப்பித் தருகிறது. சான்றிதழ் ஒரே இடத்தில் இருக்கும். ஹெடர்களை மாற்றுவதும் அதே இடத்தில். பேனலை முகப்பு முகவரியின் கீழ் ஒரு பாதையாகவும் வைக்கலாம், தனித் துணைப் பெயராகவும் வைக்கலாம். பாதையாக வைத்தால், தான் எந்தப் பாதையின் கீழ் இருக்கிறோம் என்பதைப் பேனலுக்கும் சொல்ல வேண்டும்; வெப்மினில் வெப்ப்ரிஃபிக்ஸ் என்றும் காக்பிட்டில் யூஆர்எல்ரூட் என்றும் அதற்கு அமைப்புகள் உள்ளன. சொல்ல மறந்தால் முதல் பக்கம் வரும், ஆனால் படங்களும் ஸ்டைலும் இல்லாமல் எலும்புக்கூடாக வரும். துணைப் பெயராக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஹெடரில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. பேனல் தானே ஒரு கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி அனுப்பி, அதற்குமேல் நீங்களும் ஒன்று சேர்த்தால், பிரவுசர் இரண்டையும் அமல்படுத்தும். பேனலின் பாலிசியில் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் இல்லையென்றால் உங்கள் வரியை மட்டும் சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள். அதில் ஸ்கிரிப்டுக்கான காப்புகள் இருக்கக்கூடும். பேனலின் பாலிசியிலேயே அந்த விதி இருந்தால்தான் அதை மறைத்து, மற்ற விதிகளோடு சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். என்ஜின்எக்ஸில் இன்னொரு கண்ணி: உள் லொகேஷன் ஒன்றில் ஒரேயொரு ஆட்-ஹெடர் வரி எழுதினாலும், மேல் மட்டத்தில் எழுதிய ஆட்-ஹெடர் வரிகள் எதுவும் அங்கே செல்லுபடியாவதில்லை.

பிராக்ஸி போட்டாச்சு. எல்லாப் பக்கமும் வருது, டெர்மினல் மட்டும் கறுப்பா நிக்குது. வந்தாலும் கொஞ்ச நேரத்துல அறுந்துடுது.

டெர்மினல், தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி கன்சோல், காக்பிட்டின் ஏறத்தாழ எல்லாமே, தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பான வெப்சாக்கெட் வழியில் ஓடுகின்றன. அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரண்டு ஹெடர்களையும் என்ஜின்எக்ஸ் தானாக உள்ளே கடத்துவதில்லை, எச்டிடிபி 1.1 என்பதோடு சேர்த்து நாம்தான் எழுத வேண்டும். காக்பிட்டுக்குக் கூடுதலாக, எந்த முகவரியிலிருந்து வெப்சாக்கெட் வரலாம் என்பதை அதன் அமைப்புக் கோப்பில் ஆரிஜின்ஸ் என்ற வரியில் குறிப்பிட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அறுவதற்குக் காரணம், என்ஜின்எக்ஸ் உள்ளிருந்து எதுவும் வராமல் காத்திருக்கும் வழக்கமான காலவரம்பு 60 விநாடி என்பதே. டெர்மினலில் ஒரு கட்டளையை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது இணைப்பு இருக்காது. ரீட் டைம்அவுட் வரியைக் கூட்டி எழுதுங்கள்.

அப்போ ஒரே ஆரிஜின்ல கொண்டுவந்துட்டா எல்லாம் முடிஞ்சுது இல்லையா?

பெரும்பாலான குறிப்புகள் இதோடு நின்றுவிடுகின்றன; எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே ஆரிஜின் என்றால் பிரவுசர் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடுகிறது. முகப்புப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் ஐஃப்ரேமுக்குள் புகுந்து, பேனலில் உள்ளதைப் படிக்கலாம், பட்டனை அழுத்தலாம். முகப்புப் பக்கத்தில் மாங்காய் வரத்து எழுதும் படிவம் ஒன்று இருக்கிறது, மே முதல் ஜூலை வரையான சீசனில் அவசரமாகச் செய்தது, குறிப்புப் பெட்டியில் எழுதியதை வடிகட்டாமல் அப்படியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுப் போனால், ரூட் அதிகாரத்தோடு லாகின் செய்திருக்கும் நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அது பேனல்வரை போகும். முகப்பின் ஓட்டை அனைத்தும் சர்வரின் ஓட்டை ஆகிவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை: குக்கி பற்றிய பதிலில் சொன்ன அமைப்பு, அதாவது ஒரே டொமைன், இரண்டு துணைப் பெயர்கள். சைட் ஒன்று என்பதால் லாகின் நிலைக்கும். ஆரிஜின் வேறு என்பதால் சுவர் நிற்கும். பேனல் பக்கம் ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸில் முகப்பின் முகவரி ஒன்றை மட்டும் எழுதினால் வேறு எவரும் அதைத் தம் பக்கத்துக்குள் வைக்க முடியாது. முகப்பில் ஓட்டை இருந்தால் அதன்வழியே கிளிக்ஜாக்கிங் செய்யவோ, ஐஃப்ரேமின் முகவரியை மாற்றவோ இன்னும் முடியும்தான். ஆனால் அதற்கு உங்கள் கை ஒரு பட்டனை அழுத்தவோ கடவுச்சொல்லைத் தட்டவோ வேண்டும். ஒரே ஆரிஜின் அமைப்பில் அது எதுவுமே தேவைப்படவில்லை.

சாண்ட்பாக்ஸ்னு ஒரு அட்ரிபியூட் இருக்கே, அதைப் போட்டுட்டா?

சாண்ட்பாக்ஸ் என்று மட்டும் எழுதினால் பேனலில் ஸ்கிரிப்ட் ஓடாது, படிவம் அனுப்ப முடியாது, குக்கியும் கிடைக்காது, பேனல் பயன்படாது. எனவே எல்லோரும் அலோ-ஸ்கிரிப்ட்ஸ், அலோ-சேம்-ஆரிஜின் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். பேனலும் முகப்பும் ஒரே ஆரிஜினில் இருக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தால், உள்ளே இருக்கும் பக்கம் சாண்ட்பாக்ஸையே கழற்றி எறிய முடியும். அது வெறும் அலங்காரமாகிவிடும். வேறு ஆரிஜினில் இருக்கும்போது ஓரளவு பயன் உண்டு. உதாரணமாக, பேனல் முழு டேபையும் தன் வசம் இழுத்துக்கொள்வதைத் தடுக்கலாம்.

சாண்ட்பாக்ஸ் போட்டபின் பேக்கப் கோப்பு டவுன்லோட் ஆகவில்லை, 'நிச்சயமாக நீக்கவா?' என்ற பெட்டி வரவில்லை என்று புகார் வந்தால், அலோ-டவுன்லோட்ஸ், அலோ-மோடல்ஸ் விடுபட்டிருக்கும். கன்சோலில் காப்பி-பேஸ்ட், முழுத்திரை ஆகியவை வேலை செய்யாததற்கு சாண்ட்பாக்ஸ் காரணம் அல்ல. ஐஃப்ரேமின் அலோ என்ற தனி அட்ரிபியூட்டில் அவற்றுக்கு அனுமதி எழுத வேண்டும்.

பாஸ்வேர்டை முகவரியிலேயே வச்சு தானா லாகின் ஆகுற மாதிரி பண்ணலாமா? முதலாளிக்கு டைப் பண்ண சிரமமா இருக்கு.

கூடாது. ஐஃப்ரேமின் முகவரி பக்கத்தின் சோர்ஸில் அப்பட்டமாக இருக்கும். முகப்பைத் திறக்கும் எவரும் வலது கிளிக் செய்து படித்துவிடலாம். அந்தக் கடவுச்சொல் பிராக்ஸியின் லாகிலும் பதியக்கூடும். முதலாளிக்கு உண்மையில் வேண்டியது பேனலா என்று கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது, நேற்றிரவு பேக்கப் ஆனதா என்பதே அவருக்கு வேண்டியது என்றால், கிராஃபானாவில் பார்வையாளர் அதிகாரம் மட்டும் உள்ள ஒரு டாஷ்போர்டை ஐஃப்ரேமில் வையுங்கள். ஐஃப்ரேமுக்கு மிகப் பொருத்தமான பயன்பாடு அதுதான்.

ஹெடரை நீக்குற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா உடனே வேலை செய்யுதே?

செய்யும், உங்கள் பிரவுசரில் மட்டும். அதோடு நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்துக்கும் அஞ்சல் பக்கத்துக்கும் உள்ள காப்பையும் அது நீக்கக்கூடும். சோதனைக்காகப் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

உயரம் தானா சரியாக மாட்டேங்குது, ரெண்டு ஸ்க்ரோல் வருது. பேக் அழுத்தினா எங்கேயோ போகுது.

வேறு ஆரிஜினில் உள்ள பக்கத்தின் உயரத்தை முகப்புப் பக்கத்தால் அளக்க முடியாது. ஐஃப்ரேமுக்குத் திரையின் முழு உயரத்தையும் கொடுத்து, முகப்பின் ஸ்க்ரோலை நிறுத்திவிடுவதே நடைமுறைத் தீர்வு. ஐஃப்ரேமுக்குள் நகர்ந்ததும் அதே டேபின் வரலாற்றில் சேர்வதால், பேக் பட்டன் முதலில் உள் பக்கத்தைத்தான் பின்னோக்கி நகர்த்தும். ரீலோட் செய்தால் பேனல் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். பாதி நிரப்பிய படிவம் போய்விடும். இந்த ஐஃப்ரேமுக்குப் பக்கத்தில் 'தனி டேபில் திற' என்று ஓர் இணைப்பை எப்போதும் வையுங்கள். டிஸ்க் பார்ட்டிஷன், ஃபயர்வால் விதி போன்றவற்றை மாற்றும்போது முகவரிப் பட்டையில் பேனலின் பெயர் கண்ணில் பட வேண்டும். ஐஃப்ரேமில் அது தெரிவதே இல்லை.

பிராக்ஸி போட்ட பிறகு லாக்ல எல்லாரும் 127.0.0.1-ல இருந்து வந்த மாதிரி இருக்கு. போன வாரம் யாரோ பாஸ்வேர்டைத் தப்பா போட, எல்லாருக்கும் பிளாக் ஆகிடுச்சு.

பேனலுக்குக் கோரிக்கையைக் கொண்டுவந்து தருவது பிராக்ஸி என்பதால், பேனலின் லாகில் பிராக்ஸியின் ஐபியே பதிகிறது; 127.0.0.1 என்பது அந்த மெஷினையே குறிக்கும் எண். பலமுறை தவறாக லாகின் செய்பவரைத் தடுக்கும் பேனலின் காப்பு, தவறு செய்தவரின் ஐபி என்று நினைத்துப் பிராக்ஸியையே தடுத்துவிடுகிறது. பிராக்ஸியில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை எழுதி, அதை நம்புமாறு பேனலிலும் அமைக்க வேண்டும்; வெப்மினில் அதற்கென அமைப்பு உண்டு. நம்பச் சொல்லும்போதே, பேனலின் உண்மையான போர்ட் பிராக்ஸியைத் தவிர வேறு எவருக்கும் எட்டாதபடி ஃபயர்வாலில் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் நேராக 10000-க்கு வருபவர் தன் விருப்பப்படி ஓர் ஐபியை எழுதிக்கொண்டு வருவார்.

இது வசதிக்கான விஷயம் மட்டும் அல்ல. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யார் எந்த இடத்திலிருந்து வந்தார் என்று கேட்கப்படும்போது எல்லா வரியிலும் 127.0.0.1 என்று இருந்தால் அந்த லாகால் பயன் இல்லை. பிராக்ஸியின் லாகையும் பேனலின் லாகையும் சேர்த்தே எடுத்து வையுங்கள், இரண்டும் வெவ்வேறு மெஷின்களில் இருந்தால், அவற்றின் கடிகாரங்கள் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியால் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு பழைய மெஷின்கள் நேரம் தவறி எழுவதுண்டு.